கப்பல் பாய் அடித்த ஐந்து கலர்

கள்ளக்குறிச்சியில் கப்பல் பாயின் வாயால் உலகம் சுற்றாத ஆளே கிடையாது.

கப்பலில் சமையல்காரராக இருந்து, ஊர் திரும்பி, கடைவீதியில் ரிப்பனும் பட்டனும் விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு பட்டன் கேட்டால் இத்தாலிக்குப் போய்விட்டு வந்துதான் எடுத்துக் கொடுப்பார். அங்கே ஒரு தீவாம். வீட்டுக்கு ஒரு கலராம். பெண்கள் வாசலில் உட்கார்ந்து வெறும் ஊசியும் நூலுமாக லேஸ் பின்னுவார்களாம். அவர் பார்த்தது அரை நாள்தான். நான் கேட்டது இருபது தடவை இருக்கும். அவருடைய லைன் வீட்டில் குடியிருந்ததால் தப்பிக்கவும் வழியில்லை.

அந்த லேஸில் ஒரு முழம் வாங்கிவந்து மனைவியிடம் நீட்டியதுதான் வினை.

"இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அந்தத் தீவக் காட்டுங்க."

"அடுத்த வருசம்" என்றார் பாய். பதினோரு வருசம் இதே பதில். பன்னிரண்டாவது வருசம் அந்த அம்மா எலவனாசூர்கோட்டையில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். தீவைக் காட்டினால்தான் திரும்பி வருவாராம்.

பாய் அசரவில்லை. ஐந்து கலர் டிஸ்டெம்பர் வாங்கி, லைனில் வரிசையாக இருந்த தன் ஐந்து வீட்டுக்கும் வீட்டுக்கொரு கலர் அடித்தார். என் வீட்டுக்கு மஞ்சள். இரண்டு நாள் நானும் மஞ்சளாகத்தான் ஆபீஸ் போனேன்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். சுவரில் ஒரு சொட்டு கலர் விழுந்தாலும் யார் கொடி என்று கேட்பார்கள். மறியல் கோஷ்டித் தலைவர் முதலில் வந்தார்.

"இன்னா பாய், எங்க கலரு கடைசி வூட்டுக்கா?"

பின்னாலேயே எதிர் கோஷ்டி. "எங்க கலருக்குப் பக்கத்துல அவங்க கலரா?"

ஏட்டய்யா சைக்கிளை நிறுத்தி, ஐந்து வீட்டையும் பார்த்தார். "இது இன்னா பாய், புதுக் கூட்டணியா?"

பாய் இத்தாலியிலிருந்து ஆரம்பித்தார். ஏட்டய்யாவுக்கு வியர்த்துவிட்டது. "அதெல்லாம் வாணாம். சாயந்தரத்துக்குள்ள எல்லாத்துக்கும் வெள்ளை அடிச்சிடுங்க."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பாய் டிஸ்டெம்பர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "வெள்ளை அடிச்சா அவ வரமாட்டாளுங்க. தீவு ரெடின்னு சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு வர்றா."

மறியல் தலைவர்தான் முதலில் பதறினார். "நாளைக்கா? நாளைக்கு ரோட்டுல மரம் வெட்டிப் போடப் போறோமே!"

ஏட்டய்யா காதில் விழாததுபோல் சைக்கிள் பெல்லைத் துடைத்தார். வெள்ளையடிக்கும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் தலைவரே கரும்பு டிராக்டரில் போய், தாமே வெட்டிப்போட்ட புளியமரத்தைச் சுற்றி வயல் வழியாக அந்த அம்மாவை அழைத்து வந்தார். சேற்றில் டிராக்டர் சிக்கியபோது தள்ளிவிட்டது எதிர் கோஷ்டி.

அந்த அம்மா இறங்கி, ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். பேசாத பாயை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அங்கயும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

"இதவிடக் கொஞ்சம் கம்மி" என்றார் பாய்.

அந்த அம்மா சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பல வருடம் கழித்து அந்தத் தீவின் படத்தை ஒரு காலண்டரில் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். பாய் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் கம்மிதான்.