சிவபாதம் வேட்டைக்காரரான கதை

வேட்டைக்குப் போவாயா என்று போர்மன் வால்டர் கேட்டபோது சிவபாதம் யோசிக்காமல் ஓம் என்று தலையாட்டிவிட்டார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. மேலே இருப்பவர் எதைக் கேட்டாலும் ஓம் சொல்வது அவருடைய கழுத்துக்குப் பழகிப்போன வேலை. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் தொடங்கிய பழக்கம், கனடாவின் ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் வாளி செய்யும் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தும் விடவில்லை.

ஆட்டி முடித்த பிறகுதான் கேள்வி உறைத்தது. சிவபாதம் மீன்கூடத் தொடாத சைவம். நுளம்பு கடித்தாலும் ஊதி அனுப்புகிறவர்.

மான் வேட்டையா என்று வால்டர் மறுபடி கேட்டார். தலையாட்டியாயிற்று, இனிப் பின்வாங்க முடியாது. மான்தான், ஒவ்வொரு வருடமும், என்றார் சிவபாதம். வால்டர் ஒரு பெருமூச்சோடு அடுத்த மெஷினில் நின்ற ஸ்ரீதரனிடம் போனார். அங்கேயும் அதே கேள்வி. ஸ்ரீதரனோ, இரத்தத்தைக் கண்டால் தனக்குத் தலை சுற்றும், வீட்டையும் வேலையையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்று உள்ளதைக் கொட்டிவிட்டான். பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று சிவபாதம் மனதுக்குள் இரங்கினார்.

பகல் வேலையாட்களை மேற்பார்க்க ஒரு லீட் ஹாண்ட் வேண்டும் என்று தொழிற்சாலை முழுக்கக் கதை அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வால்டருடைய அறைச் சுவரிலோ மான்கொம்பு. அவரோ ஆளாளுக்கு வேட்டை விசாரிக்கிறார். தன் வேட்டைக் கூட்டாளிக்குத்தான் அந்தப் பதவிக் கதிரையைக் கொடுக்கப்போகிறார் என்று கண்டுபிடிக்கச் சிவபாதத்துக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது.

அந்தப் பகல் வேலை அவருக்கு உயிர். அவர் இரவில் வாளி செய்வார், விடிய வால்டரும் கந்தோர்க்காரரும் வந்த பிறகுதான் புறப்படுவார். மனைவி பாலேஸ்வரி பகலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நிற்பாள். காலையில் அவர் லிஃப்ற்றை விட்டு இறங்க, அவள் அதே லிஃப்ற்றில் ஏறுவாள். "புட்டு மேசையிலை இருக்கு" என்பாள். கதவு மூடிவிடும். இரண்டு வருடமாக அவர்களுடைய குடும்பம் லிஃப்ற் வாசலில்தான் நடந்தது. பக்கத்தில் இருந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்க மாட்டோமா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

கந்தோரில் வேலை செய்யும் பேர்ணடெற் அவரைத் தேடி வந்தாள். அங்கே தமிழ் பேச அவருக்கு இருந்தது அவளும் ஸ்ரீதரனும்தான்.

"அண்ணை, நீங்கள் சைவமெல்லே? மான் சுடுறதெண்டு வால்டர் சொல்லுறார்."

"உதைப் போய் வெளியிலை சொல்லிப்போடாதை பிள்ளை" என்று அவள் வாயை அடைத்தார்.

அடுத்த நாள் வால்டர் விடவில்லை. என்ன பைனாகுலர் வைத்திருக்கிறாய், கொண்டுவந்து காட்டு என்றார். குரலில் ஏதோ சந்தேகம். வீட்டில் இருக்கிறது, பெரிய சாமான் என்று சொல்லிவிட்டுச் சிவபாதம் நேரே டவுன்ரவுனில் ஒரு கடைக்கு ஓடினார்.

கடைக்காரன் நல்ல மனிதன். எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று போட்டதை எடுத்தால் வேட்டைக்குப் போதும் என்றான். முதல் எண் எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பது. அது கூடக்கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும். இரண்டாவது எண் முன் கண்ணாடியின் அகலம். அது அகலமாக இருந்தால்தான் விடியலிலும் மாலை மங்கலிலும் மான் தெரியும். சிவபாதம் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். வீட்டு வாடகையைவிடக் கூட. உடனே கேட்டதையெல்லாம் மறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் பழைய சாமான் விற்கும் பிளீ மார்க்கெற்றுக்குப் போனார். அங்கே முப்பது மடங்கு பைனாகுலர் ஒன்று, சிவப்புக் கண்ணாடி மினுங்க, மதியச் சாப்பாட்டு விலைக்குக் கிடந்தது. எட்டெங்கே, முப்பதெங்கே? டவுன்ரவுன்காரன் தன்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறான் என்று சிவபாதத்துக்கு வந்த கோபம் சொல்லிமாளாது.

வீட்டுக்கு வந்து பதினான்காம் மாடிப் பல்கணியில் நின்று பார்த்தார். எதிர்க் கட்டடம் பூகம்பம் வந்ததுபோல ஆடியது. தூரத்தில் பறந்த கொடி ஒன்று இரண்டாகப் பறந்தது. நடுக்கத்தை நிறுத்த, உடுப்புக் காயவிடும் ஸ்ராண்டின் மேல் தலையணையை வைத்து, அதன்மேல் பைனாகுலரை வைத்து, முழங்காலில் இருந்து பார்த்தார். ஆட்டம் நின்றது. ஆனால் தெரிந்தது மான் அல்ல. எதிர்க் கட்டடத்துப் பொன்னம்பலம். வெறும் மேலும் இடுப்பில் சாரமுமாகப் பல்கணியில் நின்று இவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

தெரிந்த மனிதர், கோயிலில் காண்கிறவர், மரியாதை காட்டாமல் விடலாமா? சிவபாதம் கையை ஆட்டினார். பொன்னம்பலம் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சிவபாதத்தின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பாலேஸ்வரி எடுத்தாள். அவள் முகம் வரவரச் சிவந்தது.

"பொன்னம்பலத்தார். நீங்கள் பூதக்கண்ணாடி வைச்சு அவரின்ரை வீட்டைப் பாக்கிறீங்களாம். பாத்ததும் இல்லாமல் கையும் காட்டினீங்களாம்."

"நான் மான் பாக்கப் பழகினனான்."

"ஸ்காபரோவிலையோ?"

இனி மறைக்க வழியில்லை. சிவபாதம் முழுவதையும் சொன்னார். பாலேஸ்வரி சுவரில் தொங்கிய முருகன் படத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

"சுடுவீங்களோ?"

"சீச்சீ. மானைக் கண்டால் வால்டருக்கு மற்றப் பக்கத்தைக் காட்டிவிடுவன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய், குளிருக்குக் கோட்டு வாங்க ஒதுக்கி வைத்திருந்த காசைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். "நல்லதாய் ஒண்டு வாங்குங்கோ. பழைய கோட்டு இன்னும் ஒரு வின்ரர் தாங்கும். இந்த முறை கந்தசஷ்டி விரதமே உங்கட பகல் வேலைக்குத்தான் பிடிக்கிறன்."

சிவபாதம் காசை இரண்டு தரம் எண்ணினார். இந்தக் காசை ஏமாறிக் கொடுக்கக்கூடாது என்று டவுன்ரவுன்காரனின் பாடத்தை வரிவரியாக நினைவுக்குக் கொண்டுவந்தார். புதிதாக வாங்கக் கட்டாது. அடகுச் சாமான் விற்கும் அடைவுகடைகளாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒன்றில் எட்டுக்கு நாற்பத்திரண்டு, பழையது, தோல் உறையோடு கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணாடிக்குள் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்த்தார். வாசலில் நின்று, தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் இலக்கத்தை வாசித்தார். ஒரே பஸ், ஆடாத பஸ். கோட்டுக் காசு சரியாகப் போனது.

மறுநாள் காலை வால்டர் அதை வாங்கி, ஜன்னலால் நெடுநேரம் பார்த்தார். உண்மையான வேட்டைக்காரன் தெரிந்து வாங்குகிற சாமான் இது என்று சொன்னார். சொன்ன குரலில் ஏனோ உற்சாகம் இல்லை. அப்படியென்றால் நவம்பரில் லீவு எடுப்பாய்தானே என்று கேட்டார்.

ஒரு கிழமை என்றார் சிவபாதம். வால்டரின் முகம் வாடியது. ஒரு கிழமை காணாதாக்கும் என்று நினைத்த சிவபாதம், இரண்டு கிழமை, பனி கொட்டினாலும் வேட்டையை விடமாட்டேன் என்று கூட்டினார். வால்டர் அவர் தோளைத் தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அன்று மத்தியானம் லீட் ஹாண்ட் யார் என்று அறிவித்தார்கள். செய்தி கேட்டு, இரவு வேலைக்கு வந்த சிவபாதம் உடுப்பும் மாற்றாமல், வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பேர்ணடெற்றை வாசலில் மறித்தார். பைனாகுலர் இன்னும் கழுத்தில் தொங்கியது. பாலேஸ்வரிக்கு எந்த முகத்தோடு சொல்வது என்று அவருக்கு அழுகை வராத குறை.

"ரத்தத்தைக் கண்டால் மயங்கிற ஸ்ரீதரனுக்கு எப்பிடிப் பிள்ளை குடுத்தவர்? நான் இவ்வளவு பாடுபட்டனான்."

பேர்ணடெற் அந்தப் பைனாகுலரைப் பார்த்தாள்.

"மான் சீசனிலை இஞ்சை பாதிப்பேர் லீவிலை போயிடுவினம் அண்ணை, அதுதான் வேட்டைக்கே போகாத ஒராளைத் தேடித்தானே வால்டர் முதல் முதல் உங்களட்டை வந்தவர்."