மொட்டைமாடிப் புறாவின் பட்டினி

மனைவி கனகலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். சிங்கம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? என் தொழிலே சிங்கம்தான். காட்டு விலங்குத் தொடர்களுக்கு வீட்டிலிருந்தே தமிழில் குரல் கொடுக்கிறேன். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு விசைத்தறிகள் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிற்கிற அரைமணி நேரத்தில்தான் என் சிங்கம் வேட்டைக்குப் போகும்.

குற்றம் சிறியது. மாமனார் விருந்துக்கு வந்திருந்தார். அவர் முன்னால் அந்தக் குரலிலேயே, "இதோ, பெண் விலங்கு தோசைக்கல்லை நெருங்குகிறது. எச்சரிக்கை!" என்றேன். மாமனார் சிரித்தார். கனகா சிரிக்கவில்லை. மறுநாள் புளியங்குடி பஸ் ஏறிவிட்டாள்.

"ஒங்க சொந்தக் குரல்ல தப்புன்னு சொல்லுங்க. வாரேன்."

ஐந்து நாள் ஆயிற்று. ஒரு தட்டு, ஒரு தம்ளர் கழுவினால் வீட்டுவேலை முடிந்தது. என்னோடு பேசியவர் சிலிண்டர் போட வந்தவர் மட்டும். அவரும் "கையெழுத்து" என்றார், போய்விட்டார்.

அதனால் படம் எடுத்தேன். மொட்டைமாடியில் மூன்று மாடப்புறாக்கள். மூன்றையும் வெட்டி ஒட்டி ஒரே புறா ஆக்கினேன். எங்கள் தொழிலில் இது சகஜம். சிறகுச் சத்தத்துக்குக் குடையை விரித்து விரித்து மூடினேன். மேலே என் குரல்: "துணையைப் பிரிந்த ஆண் புறா. மூன்று நாளாக இரை தொடவில்லை." அதைக் கனகாவுக்கு அனுப்பினேன்.

போன் வந்தது.

"சிறகடிக்கது நம்ம குடைதான?"

"ச்சே, புறாதான்."

"மொதல்ல வால் வெள்ளையா இருக்கு. அடுத்தாப்ல கறுப்பு. வருத்தத்துல கறுத்துட்டோ?"

"வெயில் மாறும்லா, கனகா."

"அது நெசமாத் திங்கலையா? வெட்டாததை அனுப்புங்க, பாக்கேன்."

நான் என்ன முட்டாளா? மூன்றில் ஒரு புறா படம் எடுத்த இருபது நிமிடமும் சும்மாவே நின்றிருந்தது. அதை மட்டும் முழுசாக அனுப்பினேன்.

சாயங்காலம் பன்னிரண்டு வினாடிப் படம் ஒன்று அவளிடமிருந்து வந்தது. அதே புறா. கூடவே ஒரு ஒல்லிக் குரல்: "ஏ புறா, தப்பு எம்மேலதாம்பா. ஒத்தையில இருக்க முடியலை." என் சொந்தக் குரல்! புறாவுக்காகக் காத்திருந்த நேரத்தில் மைக் ஓடிக்கொண்டிருந்ததை மறந்திருக்கிறேன். கீழே ஒரு வரி: 'இதையே வாசல்ல நின்னு சொல்லுங்க. நாளைக்கு வாரேன்.'

வந்தாள். பையோடு தெருவில் நின்றாள். தறிகள் தடதடத்தன. தெருவுக்குக் கேட்காது, நல்லதாகப் போயிற்று என்று மன்னிப்பை முணுமுணுத்தேன்.

"தப்பு எம்மேலதான்."

"கேக்கலை."

"தப்பு எம்மேலதான்!"

"தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க!"

"கனகா! தப்பு எம்மேலதான்! ஒத்தையில இருக்க முடியலை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

'முடியலை'க்கு முன்னால் தறிகள் மொத்தமும் நின்றுவிட்டன. தெருவே திரும்பிப் பார்த்தது.

கனகா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படியேறினாள். "மணி ஒண்ணு. ஒங்க ரெக்கார்டிங் நேரம் எனக்குத் தெரியாதா?"