கிரிம்ஷா ஆலைக்குக் கூட்டம் சேர்த்த கதை

கிளிஃபர்ட் ஹெப்பிள் அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தார். இங்கிலாந்தைக் காப்பாற்றியே தீருவது. யாரிடமிருந்து என்றால், இந்தக் காலத்துத் தொலைக்காட்சி நாடகங்களிடமிருந்து.

"இருட்டுல எடுக்கிறான். யாரு யாரைக் கொல்றான்னே தெரியலை. பேசறதெல்லாம் முணுமுணுப்பு. அதுக்கு மேல வயலினை வேற இழுக்கிறான். இதுக்குப் பேரு நாடகமா?"

எதிரே மேவிஸ் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷத்துக்கும் மேலாக இந்த மனிதருக்கு மனைவியாக இருப்பவள்.

"உனக்குக் காது மந்தமாயிட்டு வருது, கிளிஃபர்ட்."

"என் காதுக்கு ஒண்ணும் இல்லை. அந்தக் காலத்து நடிகன் பேசினா பக்கத்து வீட்டுக்கே கேக்கும்."

"இப்பவும் கேக்குது. டோரீன் நேத்துக்கூட வந்து புலம்பிட்டுப் போனா."

டோரீன் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ஸ்கார்பெக் கிராமத்து தேவாலயத்தின் மாத இதழில் பழைய நாடகங்களை விமர்சித்து எழுதுவது கிளிஃபர்டின் வேலை. சம்பளம் கிடையாது, ஆனால் கர்வம் உண்டு. இப்போது அவர் கைக்கு 'கிரிம்ஷா ஆலை' முழுத் தொடரும் வட்டுகளாக வந்து சேர்ந்திருந்தது. எழுபதுகளில் வந்தது. ஒரு கம்பளி ஆலை, ஒரு கிழ முதலாளி, மூன்று பிள்ளைகள், ஒரு உயில். வாரம் ஒரு பகுதியாக மறுபடி பார்த்து, வரி விடாமல் விமர்சனம் எழுதப்போகிறார். அதையும் சனிக்கிழமை சாயங்காலம்தான் பார்ப்பாராம்.

சனிக்கிழமை சாயங்காலம் மேவிஸுக்குத் தொலைக்காட்சியில் நடனப் போட்டி பார்த்தாக வேண்டும். இலையுதிர்காலம் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை நடக்கும். வருஷம் பூராவும் அவள் ஆசைப்பட்டுக் காத்திருப்பது அந்த ஒன்றுக்குத்தான். வீட்டில் இருப்பதோ ஒரே பெட்டி.

"மத்த ஆறு நாளும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

"அந்தக் காலத்துல சனிக்கிழமைதான் போட்டான். அன்னைக்குப் பார்த்தாத்தான் அந்த ருசி வரும். விமர்சகன்னா ஒரு நேர்மை வேண்டாமா?"

மேவிஸ் பக்கத்து வீட்டுக்குப் போனாள். டோரீனைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை இருவரும் பின்னல் ஊசியோடு சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"நாடகம் ஓடும்போது யாரும் பேசக் கூடாது," என்று கிளிஃபர்ட் சட்டம் போட்டார்.

இளைய கிரிம்ஷா கோபமாகக் கதவைச் சாத்தினான்.

"சுவரே ஆடுதே," என்றாள் மேவிஸ்.

"ஷ்ஷ். ஆடலை."

"அதுல மாட்டின தாத்தா படம் ஊஞ்சல் ஆடுது. சுவர் மட்டும் ஆடலையாம்."

"அந்தப் பூ ஜாடி முதலாளி வீட்டுல இருந்ததுதானே?" என்றாள் டோரீன். "தொழிலாளி வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"சுட்டிருப்பான். சம்பளம் சரியா வந்திருக்காது."

கிழ முதலாளி உயிரை விட்டார். குடும்பமே கட்டிலைச் சுற்றி நின்று அழுதது. கிளிஃபர்டும் கைக்குட்டையை எடுத்தார்.

"வயிறு மேலயும் கீழயும் போகுது பாரு," என்றாள் டோரீன்.

"மூச்சையும் உயில்ல எந்தப் பிள்ளைக்காவது எழுதிவெச்சிருப்பார். வந்து வாங்கிக்கற வரைக்கும் விடணும்ல," என்றாள் மேவிஸ்.

கிளிஃபர்ட் நாடகத்தை நிறுத்தினார். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. "சுவரையும் ஜாடியையும் எதுக்குப் பாக்கறீங்க? நடிப்பைப் பாருங்க. முகத்தைப் பாருங்க."

"முகத்துலதான் மைக்கோட நிழல் விழுதே," என்றாள் மேவிஸ்.

அக்கிரமம் இல்லையா? ஒரு மனிதன் சொந்த வீட்டில், சொந்த நாற்காலியில், சொந்தக் காசு கொடுத்து வாங்கிய நாடகத்தைப் பார்த்து அழ முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மீனும் வறுவலும் மட்டும் இறங்கியது.

"ரசனை உள்ளவங்களோட உட்காந்து பாக்கணும்," என்றார் மறுநாள். "இந்த ஊர்ல அப்படி ஆளே இல்லாமலா போயிட்டாங்க?"

மேவிஸின் ஊசி நின்றது. "இருப்பாங்க. அதுக்காக ஊர்க் கூடத்தை எடுத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டறேன்னு கிளம்பிடாதே."

ஊர்க் கூடம் என்ற ஒன்று அதுவரை அவர் நினைப்பிலேயே இல்லை. "ஏன், கிளம்பினா என்ன?"

"வேண்டாம்ப்பா. அங்க குளிரும். உன் முட்டி தாங்காது."

"என் முட்டியைப் பத்தி எனக்குத் தெரியும்."

"நாலு பேர் முன்னாடி உனக்குப் பேச வராது. நம்ம கல்யாணத்துலயே 'நன்றி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துட்டே. மிச்சத்தை உங்கப்பாதான் பேசினார்."

"அது வேற, இது வேற."

மேவிஸ் குரல் இறங்கியது. "சனிக்கிழமை சாயங்காலம் என்னைத் தனியா விட்டுட்டா போவே?"

கிளிஃபர்டுக்குச் சுர்ரென்று ஏறியது. பெண்டாட்டி முகம் சுளித்தாள் என்று கலையைக் கைவிட்டவன் என்ற பேர் எடுப்பதா? கோட்டை மாட்டிக்கொண்டு நேரே பாதிரியார் ஜூடித்திடம் போனார். அந்த அம்மாள்தான் கூடத்துக்கும் பொறுப்பு, மாத இதழுக்கும் ஆசிரியர்.

"சனிக்கிழமையா? தாராளமா எடுத்துக்கங்க," என்று மேஜை மேல் தயாராக இருந்த சாவியை எடுத்து நீட்டினார் பாதிரியார். இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது கிளிஃபர்டுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சண்டை போட நாலு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தார்.

முதல் சனிக்கிழமை கூடத்துத் திரை முன்னால் கூட்டம் சேர்ந்தது. முகத்துக்கு நேரே கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியாத ஊர் அது. கிளிஃபர்ட் முன்னுரை பேசினார். நடுவில் தேநீருக்கு நிறுத்தி மறுபடி பேசினார். முடிந்ததும் முடிவுரை வேறு. வாசலில் ஒவ்வொருவராகக் கை குலுக்கி, "ரொம்ப சுவாரஸ்யமா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு இருட்டில் கரைந்தார்கள்.

ஸ்கார்பெக்கில் அந்த வார்த்தையை எதற்குச் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வேகாத கேக்குக்குச் சொல்வார்கள். நீண்ட பிரசங்கத்துக்குச் சொல்வார்கள். டோரீன் ஸ்பெயினுக்குப் போய் எடுத்துவந்த படங்களை மூன்று மணி நேரம் காட்டியபோது கிளிஃபர்டே சொல்லியிருக்கிறார். தனக்கென்று சொன்னபோது மட்டும் மனிதர் அப்படியே நம்பிவிட்டார்.

"ஊரே ரசிச்சுது," என்று வீட்டுக்கு வந்து அறிவித்தார். "நீ என்ன பண்ணினே?"

"தனியாத்தான் உக்காந்திருந்தேன். பழகிக்கணும்," என்று பெருமூச்சு விட்டாள் மேவிஸ். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கலைஞன் இளகக் கூடாது.

அடுத்தடுத்த வாரம் கூட்டம் மெலிந்தது. தபால்கார பிரையனின் நாய் குட்டி போடும் நேரம். பேக்கரிக்காரி வின்னிக்குத் தலைவலி. பாதிரியாருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எழுத வேண்டும். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை வந்தது கிழவர் வில்ஃப் மட்டும்தான். கூடத்தில் குளிர்காயும் அடுப்பும் எரியவில்லை. உயில் வாசிக்கும் காட்சியில், முழுத் தொடரிலேயே உச்சமான காட்சியில், வில்ஃப் குறட்டை விட்டார்.

கிளிஃபர்ட் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. நாடகத்தை நிறுத்தி அவரைத் தட்டி எழுப்பினார்.

"ரொம்ப சுவாரஸ்யமா இருந்துச்சு," என்றார் வில்ஃப் கண்ணைத் திறக்காமலே.

கூடத்தைப் பூட்டிக்கொண்டு, முட்டி வலிக்க வலிக்க, ரசனை கெட்ட ஊரைத் திட்டிக்கொண்டே கிளிஃபர்ட் வீட்டுக்கு நடந்தார். வாசலில் பாதிரியாரின் சைக்கிள் சாய்ந்திருந்தது. உள்ளே கைதட்டல். கோட்டை மாட்டப் போனால் ஒரு கொக்கிகூடக் காலி இல்லை.

முன்னறைக் கதவைத் திறந்தார். நாய் பிரையன் சோபாவில். தலைவலி வின்னி டோரீனோடு ஒட்டிக்கொண்டு. இவருடைய நாற்காலியில், இவருடைய குவளையோடு பாதிரியார். பெட்டியில் ஒருவன் மினுமினுக்கும் சட்டை போட்டுச் சுழன்றுகொண்டிருந்தான்.

"சீக்கிரம் வந்துட்டியே," என்றாள் மேவிஸ்.

"நான் அங்க குளிர்ல சுவத்தோட பேசிட்டிருக்கேன், நீங்க எல்லாரும் இங்க கேக் தின்னுட்டிருக்கீங்களா? வெக்கமா இல்லை?" கிளிஃபர்ட் கூடத்துச் சாவியை எடுத்து எல்லார் முன்னாலும் ஆட்டினார். "நாளைக்கே சாவியைத் திருப்பித் தந்துடறேன். எனக்குக் கூடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பாதிரியார் சங்கடமாக எழுந்தார். பொய் சொல்ல முடியாத உத்தியோகம். "கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லா சனிக்கிழமையும் உங்க பேர்லதான் இருக்கு, கிளிஃபர்ட். மேவிஸ் அப்பவே எலுமிச்சை கேக் கொண்டுவந்து சொல்லிட்டுப் போனாங்களே."

"அப்பவேன்னா எப்ப?"

"நீங்க வந்து கேட்டீங்களே, அதுக்கு முந்தின வாரம்."

கிளிஃபர்ட் மெதுவாகத் திரும்பினார். "நீதானே போகாதே, போகாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டே?"

"ஆமா," என்றாள் மேவிஸ், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன்னு சொல்லியிருந்தா போயிருப்பியா?"

கிளிஃபர்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அறையே திரும்பி, "ஷ்ஷ்," என்றது.