ஓட்டத் தெரியாதவனின் ஓட்டு

இந்தத் தேர்தல் விஷயத்தில் மட்டும் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்த கையோடு அதை அவளிடமே சொன்னேன். சரிங்க, சாப்பிட வாங்க என்றாள்.

நான் கருத்துக்கணிப்புக் கம்பெனியில் தற்காலிக ஊழியன். பதினோரு வருடமாகத் தற்காலிகம். சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதிப் பெண்கள் யார் பக்கம், இளைஞர்கள் யார் பக்கம், ரிட்டயர் ஆனவர்கள் யார் பக்கம் என்று நான் பிரித்துச் சொல்ல வேண்டும். கணிப்பு இரண்டு சதவீதத்துக்குள் வந்தால் வேலை நிரந்தரம், தப்பினால் வீட்டிலேயே நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கெடு.

போட்டி கான்ட்ராக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும். வீடு வீடாக ஏறி இறங்கினேன். பெண்களைக் கேட்டால், "எங்க வீட்டுல சொல்றபடிதான்" என்றார்கள். கணவன் பேச்சைத் தட்டாத தொகுதி என்று எழுதிக்கொண்டேன். கணவன்மார்களைக் கேட்டேன். அவர்களும், "எங்க வீட்டுல சொல்றபடிதான்." ரிட்டயர் ஆனவர்கள் கட்சியின் வரலாறு சொன்னார்கள், முடிவைச் சொல்லவில்லை. இளைஞர்கள் கதவையே திறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் என் படிவத்தில் பாதிக் கட்டம் காலி, மீதிக் கட்டம் பொய்.

சபதத்தைச் சற்றே தளர்த்தினேன். அதாவது, அவள் முன்னால் உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன்.

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நான் ஊராரின் ஓட்டைத் தேடி அலைகிறேன், அவள் ஊராரை ஓட்ட வைக்கிறாள். அந்தக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எங்கள் வீட்டில் அவள் காலடியில் மட்டும்தான் உண்டு.

அவளுடைய நோட்டை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கிளட்ச், ரிவர்ஸ் என்று குறிப்பு. ஓரத்தில் 'ந' அல்லது 'கா'. நூற்று நாற்பத்து மூன்று பேர், வயதோடு.

"இவங்க எப்படி உன்கிட்ட மட்டும் சொன்னாங்க?"

"வாசல்ல நின்னு கேட்டா ஊருக்குப் பதில் சொல்வாங்க. ஸ்டியரிங் பிடிச்சிருக்கறப்ப கேக்கணும். பொய் சொல்ல ஒரு கையாவது வேணுங்க. ரெண்டு கையும் அங்க மாட்டிக்கிட்டிருக்கும்."

பதினெட்டு வயசுப் பெண்கள் நர்ஸம்மா பக்கம், கடைசி பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளி விடச் சொன்னவர் அவர்தானாம். குடும்பத்தலைவிகளும் அப்படியே. ரிட்டயர் ஆனவர்கள்தான் ஆச்சரியம். முதல் நாள் எல்லாரும் 'கா'. கான்ட்ராக்டர் போட்ட ரோட்டில் மூன்று நாள் ஓட்டியதும் எல்லாரும் 'ந'.

கையை நீட்டினேன். நோட்டு பின்னால் போனது. பத்து வருடமாக டிமிக்கி கொடுத்த டிரைவிங்கை நாளைக் காலை ஆரம்பித்தால் தருவாளாம். வேலைக்காக ஒத்துக்கொண்டேன். ஆனால் என் ஓட்டு ரகசியம், அதைக் கேட்கக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். அதற்கும் சரிங்க என்றாள்.

ஞாயிறு காலை. மூன்றாவது முக்கில் வண்டி நின்று, குலுங்கி, நடு ரோட்டுக்குத் தானாகப் போனது. எதிரே லாரி.

"உங்க ஓட்டு யாருக்குங்க?" நிதானமாகக் கேட்டாள்.

"நீ சொல்ற ஆளுக்குத்தாம்மா, பிரேக்கை மிதி!"

மிதித்தாள். லாரிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது.

தேர்தல் முடிந்தது. நர்ஸம்மா ஜெயித்தார். என் கணிப்பு அரை சதவீதம்தான் பிசகு. மேனேஜரே எழுந்து வந்து நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்தபோது கண் கலங்கிவிட்டது. கடைசி பஸ்ஸும் மறு மாதமே தள்ளிப் போனது. நானும் இப்போது இரண்டாவது கியர் வரை போகிறேன்.

அன்று சந்தோஷத்தில் நோட்டை முழுதாகப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் என் பெயர். எதிரே 'ந'. தேதியைப் பார்த்தால் லாரிக்கு ஒரு மாதம் முன்னால்.

"ஏம்மா, அப்ப நான் யாருக்குன்னு முடிவே பண்ணலியே?"

"அதான் நான் பண்ணிட்டேன்."