அவர் என்றால் அவர்தான்

“அவரு இப்படிப் பண்ணிட்டாரே! கொட்டுற மழையில, தன்னோட கோட்டைக் கழட்டி அவ தோள்ல போட்டுட்டாரே!”

ஸ்டோர் ரூம் கதவு சாத்தியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் மேற்பார்வையாளர் அம்மா இப்படிப் புலம்பினார். கதவு சாத்தியிருக்கவில்லை. பஞ்சு எடுக்க வந்த ரத்தம் எடுக்கும் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளருக்கு ‘மிலிட்டரி’ என்று பெயர். காலையில் எல்லோருடைய செல்போனையும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர் அவர்தான். அப்பேர்ப்பட்டவர் தன் போனை மட்டும் கையுறைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்து, வாராவாரம் வரும் காதல் காமிக்ஸைப் படித்து மூக்கைச் சிந்துகிறார் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

“யாரு மேடம்? உங்க வீட்டு சாரா?”

கல்யாணமான பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘அவரு’ என்றால், உலகத்தில் அதற்கு ஒரே ஓர் ஆள்தான். காமிக்ஸில் வரும் டாக்டருக்கும் அதே மரியாதையைக் கொடுத்துத் தொலைத்தது மிலிட்டரியின் தப்பு. போனைப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டே தலையாட்டி வைத்தார்.

“எப்போலேருந்து மேடம்?”

“ரெண்டு வருஷமா. வெள்ளிக்கிழமை தவறாம…” வாய் முந்திக்கொண்டது.

“வாராவாரமா!”

“பெரிசா ஒண்ணுமில்லம்மா. போன வாரம் வரைக்கும் அவ கையைக்கூடத் தொடலை.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டுமா? ஊருக்கே தெரியும். அதுல பாதிப் பேரு அவளுக்குத்தான் சப்போர்ட்டு.”

ரத்தம் எடுக்கும் பெண் பஞ்சை மறந்துவிட்டு வரவேற்பு மேஜைக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வரவேற்பாளரே நேரில் வந்தார்.

“கவலைப்படாதீங்க மேடம். சார் ஆபீஸுக்குப் போன் போட்டு, ‘எல்லாம் தெரிஞ்சுபோச்சு, வாங்க’ன்னு சொன்னேன். அடுத்த நிமிஷமே கிளம்பிட்டாராம்.”

வாயில்லாப் பூச்சி மிலிட்டரியின் கணவர். மிலிட்டரி ஸ்டோர் ரூமுக்குள் ஓடிப்போய், அவருக்கு மெசேஜ் அனுப்பினார்: ‘எல்லாம் கட்டுக்கதை. இங்க என்ன கேட்டாலும் ஒத்துக்கங்க. என் மானம் உங்க கையில.’

கணவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். ரத்தம் எடுக்கும் பெண்ணும் வரவேற்பாளரும் அவரை ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

“வாராவாரம் வெள்ளிக்கிழமை எங்க சார் போறீங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“வியாழக்கிழமைம்மா” என்றார்.

அடேயப்பா, என்ன நடிப்பு என்று மிலிட்டரி அசந்துபோனார்.

“மழையில உங்க கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டீங்களாமே?”

“கோட்டு இல்லைங்க. குடைதான் பிடிச்சேன்.”

“இனிமே?”

“இனிமே அவ இருக்குற தெருப் பக்கம்கூடப் போகமாட்டேன். பிள்ளைங்க மேல சத்தியம்!”

சத்தியம் கொஞ்சம் அதிகப்படி என்று மிலிட்டரிக்குத் தோன்றியது. ஆனாலும் மனம் பூரித்துப்போனது. பெண்டாட்டியின் மானத்துக்காக, செய்யாத தப்பையெல்லாம் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறாரே! அந்த டாக்டரெல்லாம் இவர் கால்தூசிக்குச் சமமா? இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் இந்த மனுஷனின் அருமை தெரியாமல் போய்விட்டதே என்று நிஜமாகவே அழுதார்.

“மன்னிச்சிட்டேன். எழுந்திரிங்க” என்று எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரத்தம் எடுக்கும் பெண் கைதட்டினாள். கணவர் மட்டும் நம்பமுடியாமல் விழித்தார்.

அப்போது மேஜைத் தொலைபேசி அடித்தது. வரவேற்பாளர் எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினார்.

“சார், உங்க ஆபீஸ்லேருந்துதான். பதறியடிச்சு ஓடி வந்ததுல செல்போனை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்களாம். மேடம் அனுப்பின மெசேஜ் ஒண்ணு பிரிக்காமலே கிடக்குதாம்.”