தரகு மாமா உகுலேலே விற்ற கதை

ராமநாதபுரம் சீமையில் உகுலேலேவுக்குச் சுழி பார்த்த ஒரே மனிதர் எங்கள் தரகு மாமாதான். இதைப் பந்தயம் கட்டியே சொல்வேன். எதிர்த்துக் கட்ட ஆள் வராது.

உகுலேலே என்பது நாலு நரம்பு வைத்த வாத்தியம். பார்க்க கிதார் ஈன்ற கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். மாமாவோ மாட்டுத் தரகர். உப்பூர் ரோட்டில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிர்வீடு. நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. மனிதருக்கு எதைப் பார்த்தாலும் மாடுதான். கல்யாண வீட்டில் மணவறைக்கு நடந்துவந்த மாப்பிள்ளையைப் பார்த்து, “பின்னங்கால் இழுக்குதே, பொண்ணு வீட்ல பாக்கலையா?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டவர். அன்றைக்கு எங்களுக்குப் பந்தியில் பாயசம் வரவில்லை.

அவர் ஒருநாள் கடலோரத்தில் இருக்கிற காரங்காட்டுக்குப் பசு பார்க்கப் போனார். படகு சவாரிக்கு வந்திருந்த ஒரு பெண் இந்த வாத்தியத்தை வாசித்துக்கொண்டு போக, பசுவையும் மறந்து, கூட்டிப்போனவனையும் மறந்து, படகு திரும்பும்வரை சேற்றிலேயே நின்றிருக்கிறார். அவள் இறங்கியதும் அதை வாங்கிச் சாண்போட்டு அளந்தார். வீட்டுக்கு வந்து பழைய கூட்டுவண்டியின் பூவரசம் பலகையைப் பெயர்த்தார். செதுக்கினார், இழைத்தார், ஒட்டினார், உடைத்தார், மறுபடி செதுக்கினார். நரம்புக்காகத் தொண்டிக்குப் போய், தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி கேட்டார். “எந்த மீனுக்கு?” என்றார் கடைக்காரர். “வாசிக்கிறதுக்குய்யா.” கடைக்காரர் எடுத்து வைத்திருந்த தூண்டில் முள்ளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

மாமா நொட்டாங்கைக்காரர். அதனால் இடதுகையால் மீட்டுவார், வலதுகை விரல்களால் நரம்பை அழுத்துவார். தெரிந்தது ஒரே மெட்டு. அதுவும் எந்தப் பாட்டிலும் சேராத மெட்டு. சாயங்காலமானால் தொழுவத்தில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார். அத்தை இறந்துபோனபின் அந்த வீட்டில் பேச்சுத்துணை என்றால் அதுதான். மாடுகள் பொறுத்துக்கொண்டன. நான் ஜெராக்ஸ் மிஷின் சத்தத்தில் ஒளிந்துகொண்டேன். கரண்ட் போனால் எனக்கு அந்தப் போக்கிடமும் இல்லை.

அப்படிப்பட்டவர் திடீரென்று கடைக்குள் வந்து, “மாப்ள, இத வித்துக் குடு” என்றார்.

“ஏன் மாமா?”

“கெடந்து எடத்த அடைக்குது.”

ஒரு ஆணியில் தொங்குகிற சாமான் என்ன இடத்தை அடைக்கும்? ஆனால் அவர் முகம் சரியில்லை.

போனில் படம் எடுத்து, விற்பனைக்கு என்று நெட்டில் போடலாம் என்றேன். “பல்லு தெரியிற மாதிரி எடு” என்றார்.

“இதுக்கு ஏது மாமா பல்லு?”

“வாங்குறவன் வயசு பாக்க வேணாமா?”

கடைசியில் நரம்பை முறுக்குகிற நாலு கட்டைகளும் தெரிகிற மாதிரி எடுத்து ஒப்பேற்றினேன். பின்பலகையில் மரத்தின் ரேகை மாட்டின் மயிர்ச்சுழி மாதிரி வளைந்திருந்த இடத்தைத் தொட்டு, “இது லட்சுமி சுழி. மறக்காம எழுது” என்றார். எழுதினேன். விலை மட்டும் எழுதக்கூடாதாம். சந்தையில் கைக்குமேல் துண்டைப் போட்டு மூடி, ஒருவர் விரலை ஒருவர் அழுத்தித்தான் விலை பேசுவார்கள். நாலு பேர் காதுபட விலை சொன்னால் மாட்டுக்குக் கேவலம் என்பது மாமாவின் கட்சி.

முதலில் மதுரையிலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்தான். வீட்டில் எத்தனை பேர், நிழல் உண்டா, முரட்டுக் கையா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, மாமா துண்டை உதறினார். “கையக் குடுங்க தம்பி.” அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். “ஜோசியமாண்ணே?” என்றவன், நான் விளக்கி முடிப்பதற்குள் பைக்கைக் கிளப்பிவிட்டான்.

எனக்கு வெறுத்துப்போயிற்று. “இப்படிப் பண்ணுனா ஜென்மத்துக்கும் விக்காது மாமா.”

“விக்காட்டி நல்லது” என்றார். உடனே, “இல்ல மாப்ள, விக்கணும்” என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து ராமநாதபுரத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர். மடியில் வைத்து மெல்லத் தட்டிப் பார்த்து, “நீங்களே செஞ்சதாய்யா?” என்று கேட்டார். மாமாவுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. துண்டையும் எடுத்துவிட்டார். எடுத்தபிறகுதான் சங்கடம். அந்நியப் பெண்ணின் கையை எப்படிப் பிடிப்பது? துண்டும் கையுமாக முழித்தவர், “மாப்ள, டீச்சருக்குப் பதிலா நீ குடு” என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கையைக் கொடுத்தேன். துண்டுக்குள் அவர் வலதுகை என் விரல்களைத் தேடி வந்தது. “அழுத்திட்டேன். சொல்லு.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல்மேல் விரல் கிடந்தது, அவ்வளவுதான். “இன்னொருக்க மாமா.” பல்லைக் கடித்து, நெற்றி வேர்க்க அழுத்தினார். ஈரத்துணி கிடக்கிற மாதிரிதான் இருந்தது.

போன பொங்கலுக்கு முன்னால் சந்தையில் ஒரு காளை மிரண்டு ஓடியபோது, வலதுகையில் சுற்றியிருந்த கயிறு அவர் விரல்களை இறுக்கி இழுத்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, “சரியாயிருச்சு” என்றார். நாங்களும் நம்பினோம்; சாயங்காலம் இடதுகை மீட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. ஒன்றும் சரியாகவில்லை. நரம்பை அழுத்துகிற விரலும் அதுதான், சந்தையில் விலை பேசுகிற விரலும் அதுதான். இரண்டும் போய்விட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிடித்திருந்த கையை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

“என்னண்ணே சொல்றாரு?” என்றார் டீச்சர்.

வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னேன். மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “அதேதான்” என்று தலையாட்டினார்.

டீச்சர் பணத்தைக் கொடுத்து வாத்தியத்தைத் தூக்கப்போனார். “பொறுங்கம்மா, கயித்த அவுக்கணும்” என்றார் மாமா. எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை.

“நரம்பு இல்லாம எப்படிங்கய்யா வாசிக்கிறது?”

“புதுக் கயிறு வாங்குறவங்க பாடு. பழைய கயிறு இங்கன இருந்தாத்தாம்மா அடுத்த மாடு வந்து சேரும்.”

டீச்சர் நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மாமாவின் விரலுக்கு முடிச்சு அவிழவில்லை. நான்தான் அவிழ்த்தேன். நரம்பில்லாத உகுலேலே பஸ் ஏறிப் போயிற்று.

பஸ் மறைந்தபின் மாமா சொன்னார். “நான் அழுத்துன வெல அது இல்ல.”

“பின்ன ஏன் மாமா தலையாட்டுனீங்க?”

“வெளியூரு அம்மா முன்னால உன்னையப் பொய்யனாக்கச் சொல்றியா?”

தங்கூசியைச் சுருட்டி என் மேஜைமேல் வைத்தார். “நீயே வச்சுக்க மாப்ள. நம்ம வீட்டுக்கு இனி எதுவும் வந்து சேராது.” திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

இப்போது சாயங்காலம் எதிர்வீட்டில் சத்தமே இல்லை. கரண்ட் போகிற நேரங்களில் என்னால் கடைக்குள் உட்கார முடியவில்லை. அந்த உதவாத மெட்டுக்கு என் காது இப்படி ஏங்கும் என்று யார் கண்டது? தங்கூசி என் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள், மீன் பிடிக்கப் போகிறாயா என்று கேட்பார்கள். அது எங்கள் மாமாவுடைய கயிறு, அடுத்தது வந்ததும் கட்ட வேண்டும் என்பேன்.