சம்பந்திக்கு வாக்குக் கொடுத்த மீன்

முஹம்மது தம்பி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மலைக்குப் போவதில்லை.

போவதாக வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். மகள் ரிப்காவைக் கட்டிக்கொடுத்தது வெலிமடையில். சம்பந்தி இன்ஷாப் அங்கே மரக்கறி வியாபாரி. வயிறு நிறையச் சோறு தின்ற மயக்கத்தில் முஹம்மது தம்பி சாய்மனைக் கதிரையில் கிடந்த நேரம் பார்த்து இன்ஷாப் போன் எடுத்தார். நுவரெலியாப் பக்கத்துத் தேசியப் பூங்காவில் ஓர் ஓடை, அதில் ட்ரவுட் என்று ஒரு மீன், அனுமதி எடுத்தால் பிடிக்கலாம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். கெட்டிக்கார மீன், கடற்கரை ஆட்களுக்கெல்லாம் அது அகப்படாது என்றும் சொன்னார்.

முஹம்மது தம்பிக்கு ரோசம் ஏறிவிட்டது.

"நாங்க சுறாவையே சுருட்டுற ஆக்கள். பள்ளிக்கூட லீவுக்குக் குடும்பத்தோட வாறன். அண்டைக்குப் பகல் சாப்பாட்டுக்கு மீன் என்ட பொறுப்பு. வேற கறி ஆக்க வேணாம்."

சொல்லிவிட்டார். சம்பந்தி வீடு முழுக்கக் கேட்டுவிட்டது.

விசயம் என்னவென்றால், கிண்ணியாவில் பிறந்து கிண்ணியாவில் நரைத்த இந்த மனிதர் ஒரு நெத்தலி கூடப் பிடித்ததில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு எடுத்தவர். கடலை மேலே இருந்து பார்த்ததோடு சரி. தோணியில் கால் வைத்தால் வயிற்றைப் புரட்டும். வீட்டில் தூண்டில் தெரிந்த ஆள் மனைவி றுக்கியா. மூதூர்க் கடற்கரையில் வளர்ந்தவள்.

ஆகவே முழங்கால் பிடித்தது. நடக்க ஏலாது என்றார். றுக்கியா தைலம் தடவினாள். உட்கார்ந்துதானே மீன் பிடிக்கப் போறீங்க, முழங்காலுக்கு என்ன வேலை என்றாள். வான் கிடைக்காது என்றார். அவள் தன் தம்பியின் வானைப் பேசிவிட்டாள். அட்டை கடிக்கும் என்றார். உப்பும் சவர்க்காரமும் எடுத்துக் கட்டினாள். தம்பலகாமத்து ரோட்டில் யானை நிற்கிறதாம் என்றார். அது எங்கட வாப்பாட வாப்பா காலத்திலிருந்தே நிற்கிறது என்றுவிட்டு, கூட வரப்போகிற பேரப்பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி வாங்கக் கடைக்குப் போனாள்.

மிஞ்சியது ஒரே வழி.

எங்கள் பக்கத்து ஆட்கள் மலைநாட்டுச் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் போகும். அந்தப் பெட்டியில் பாரைக்குட்டி கொஞ்சம் தனியாக இருந்தால்? எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நிற்கும்போது ஒன்றைக் கொளுக்கியில் குத்தி ஓடைக்குள் விட்டால்? பிறகு சத்தம் போட்டு இழுத்தால்? தன் மூளையை நினைக்க அவருக்கே மேல் புல்லரித்தது.

றுக்கியா திரும்பி வந்து சமையலில் நின்றபோது குசினிக்குப் போனார். பாரைக்குட்டி வாங்கவேணும் என்றார். எதுக்கு என்றாள். பொரிக்க என்றார். தனியாக வைக்கவேணும் என்றார்.

றுக்கியா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்ச பாருங்க. ட்ரவுட்டுக்கு மேலெல்லாம் புள்ளி. ரிப்கா படம் அனுப்பினவள். ஓடைக்குள்ள இருந்து பாரைய இழுத்தெடுத்தா என்ன சொல்லப் போறீங்க? கொட்டியாரக் குடாவில இருந்து மகாவலியால நீந்தி மலையேறி வந்தது எண்டா?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். அதற்குமேல் நடிக்கத் தெம்பில்லை.

"அந்த மனுசனுக்கு முன்னால என்ட மானம் போகப்போகுது புள்ள."

"போகாது. நான் சம்பந்திப் பொம்பிளைக்கிட்டச் சொல்லிட்டன். இவருக்கு இப்ப தோள் ஏலாது, எனக்குப் பழக்கி விட்டிருக்கிறார், நான் பிடிப்பன், இவர் பின்னால நிண்டு சொல்லித் தருவார் எண்டு. எல்லாரும் நம்பிட்டாங்க."

முஹம்மது தம்பி அல்ஹம்துலில்லாஹ் என்றார். வாய்க்கு வந்த அல்ஹம்துலில்லாஹ் இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. இந்தப் பெண் கைகொட்டிச் சிரித்திருக்கலாம். தெருவுக்கே சொல்லியிருக்கலாம். இத்தனை வருசத்தில் அவர் வழுக்கிய இடமெல்லாம் இவள் முந்திப் போய் நின்றிருக்கிறாள். கண் கலங்கியது. வெங்காயம் என்றார். அவள் அன்றைக்கு வெங்காயம் வெட்டவில்லை.

"அதெல்லாம் எப்ப சொன்ன நீ?"

"நீங்க வாக்குக் குடுக்க முந்தியே."

"முந்தியே எண்டா?"

"பெத்த புள்ளையைப் பார்க்கப் போவம் எண்டு நானும் கேட்டுக் கேட்டுக் களைச்சிட்டன். அசைஞ்சீங்களா? அதான் கடற்கரை ஆக்களுக்கு ஏலாது எண்டு சம்பந்தியை ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கச் சொன்னன். ரோசத்தில நீங்க வாக்குக் குடுப்பீங்க எண்டு தெரியும். சம்பந்தி பாவம், சொல்லப் பயந்தவர்."

முஹம்மது தம்பி கதிரையில் சாய்ந்தார். கோபம் வருமா என்று பார்த்தார். வரவில்லை. ரிப்காவின் முகம்தான் வந்தது. போன பெருநாளுக்கும் அதைப் போனில்தான் பார்த்தார். வாசலில் நின்று வாப்பா என்று கூப்பிடுகிற முகம். அந்த முகத்துக்காக இன்னும் பெரிய ஏமாற்று என்றாலும் ஏமாறலாம்.

"சரி" என்றார். "அங்க நான் என்னதான் செய்யவேணும்?"

"ஒண்டும் செய்ய வேணாம். நான் சொல்லச் சொல்லப் பின்னால நிண்டு தலையை ஆட்டினாப் போதும்."

முஹம்மது தம்பிக்குப் பாரம் இறங்கியது. அந்த வேலைக்கு அவர் யாரிடமும் போய்ப் பழகத் தேவையில்லை. நிக்காஹ் முடிந்த அன்றிலிருந்து அதைத்தான் செய்து வருகிறார்.